சப்வூபர்: மூலையா, சுவரின் நடுவா?

செங்கோட்டைப் பக்கம் நண்பர்கள் வீடுகளில் சப்வூபர் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) நேராக மூலைக்குத்தான் போகிறது. நடமாட இடைஞ்சல் இல்லை, வயரும் கண்ணில் படாது.

மூலையின் பலம் சத்தம். தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுப்பதால் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் மூலையில் வைத்தால் அறையின் ஒத்ததிர்வுகள் (சுவர்களுக்கிடையே சில சுரங்கள் மட்டும் பெருகி ஒலிப்பது) எல்லாமே கிளம்பிவிடும். 12 அடி அகல அறை என்றால் அகலவாக்கில் முதல் அதிர்வு சுமார் 47 ஹெர்ட்ஸ். பாஸ் கிடாரின் அடிச்சுரங்கள் இருக்கும் இடம் அது. இளையராஜா பாட்டில் பாஸ் ஒவ்வொரு சுரமாக இறங்கி வரும்போது ஒன்று மட்டும் ‘கும்’மென்று வீங்கி, அடுத்ததை மூடிவிடும். கான்கிரீட் வீட்டில் இது அதிகம். பழைய ஓட்டு வீடுகளில் பாஸ் கொஞ்சம் வெளியே கசிவதால் தொல்லை குறைவு.

அதே 12 அடிச் சுவரின் நடுவில் வைத்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறக்குறைய கிளம்பவே கிளம்பாது. சத்தம் குறையும், ஆம்பைக் கூட்ட வேண்டும். அப்புறம் கேளுங்கள், சுரங்கள் தனித்தனியாக நிற்கும். பாட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். படத்தில் குண்டு வெடித்தால் போதும் என்பவர்களுக்கு மூலையே சரி.

டிவி ஸ்டாண்ட் நடுவைப் பிடித்திருந்தால், சப்வூபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். பாஸ் சீராகக் கேட்கும் இடத்தில் அதை வையுங்கள்.