சிங்கிள்ஃபைல்: ஒரு பக்கம், ஒரே ஃபைல்

ஒரு சமையல் குறிப்பை குரோமில் கண்ட்ரோல் எஸ் அழுத்தி சேவ் செய்து, பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் படம் ஒன்றுகூட இல்லை, எழுத்தெல்லாம் இடதுபக்கம் கொட்டிக் கிடக்கிறது. தப்பு என்னுடையதுதான், பக்கத்தோடு கூடவே வரும் ஃபோல்டரை காப்பி செய்ய மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணைக்கருவியான சிங்கிள்ஃபைல் எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாவற்றிலும் ஓடும். ஐகானை ஒரு தடவை கிளிக் செய்தால் முழுப் பக்கமும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக வந்து விழுகிறது.

நாம் திரையில் பார்ப்பது சர்வர் அனுப்பிய அதே எச்டிஎம்எல் இல்லை. பக்கத்தோடு வரும் சின்ன நிரல்களான ஸ்கிரிப்ட்கள் ஓடி, அங்கே சேர்த்து இங்கே நீக்கி, கடைசியில் பிரவுசரின் நினைவகத்தில் நிற்கும் 'டாம்' மரத்தைத்தான், அதாவது பக்கத்தின் உறுப்புகள் கிளைகிளையாக அடுக்கிய அமைப்பைத்தான், பார்க்கிறோம். சிங்கிள்ஃபைல் அந்த நொடியில் இருக்கும் மரத்தைத் திரும்ப எச்டிஎம்எல்லாக எழுதி, ஸ்டைலை அப்படியே எழுத்தாகவும், படம், ஃபான்ட் போன்றவற்றை பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றியும் அதற்குள்ளேயே திணித்துவிடுகிறது. 3 பைட் 4 எழுத்தாகிவிடுவதால் படங்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துப்போகும், பரவாயில்லை. ஸ்கிரிப்டை எடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஃபயர்பாக்ஸின் சொந்த 'முழுப் பக்கம்' சேவும் மரத்தைத்தான் எழுதுகிறது, ஆனால் ஸ்கிரிப்டையும் சேர்த்து வைப்பதால் திறக்கும்போது அது இன்னொரு தடவை ஓடி, சில பக்கங்களில் ஒரே பெட்டி இரண்டு தடவை வந்து நிற்கும்.

குரோமிலேயே ஒற்றை ஃபைல் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது எம்எச்டிஎம்எல் என்ற வேறு ஃபைல் வகை. ஃபயர்பாக்ஸ் அதைத் திறக்காது.

ஃபான்ட் உள்ளேயே இருப்பதன் அருமை பழைய ஆட்களுக்குத் தெரியும். யூனிகோட் பரவுவதற்கு முன்பு தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்தில் நான் சேவ் செய்தவை இன்று வெறும் கிறுக்கல்தான்.

உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலை நடப்பதால் லாகின் செய்து பார்க்கும் ரசீது, டிக்கெட் பக்கங்களும் அப்படியே வரும். ஆனால் ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பதை அதுவாகவே நீக்கிவிடும். கேள்வியைத் தொட்டால் பதில் விரியும் பக்கங்களில் எல்லாவற்றையும் விரித்துவிட்டு சேவ் செய்யுங்கள், இல்லையென்றால் செட்டிங்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஃபைல் பெயர் விஷயத்தில் மட்டும் தமிழுக்குக் கொஞ்சம் அநியாயம். நீள வரம்பு பைட் கணக்கில் இருக்கிறது. 'கொ' என்ற ஒரே எழுத்துக்கே 6 பைட் போய்விடும், அதனால் நீளமான தமிழ்த் தலைப்புகள் பாதியில் வெட்டுப்படும். நான் பெயரைக் கையாலேயே மாற்றிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கொடுப்பதற்கு 'வத்தக்குழம்பு' என்று இருந்தாலே போதும்.