இரும்பு முட்டுகளோடு 12 ஆண்டுகள்

கான்கிரீட் தளம் இறுகும் வரை அடிப்பலகையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, மரக்கம்புகளை விட்டு இரும்பு ஜாக்கி முட்டுகளுக்கு மாறி 12 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இன்றும் வேலைக்குப் போய்வருகின்றன. கம்பு என்றால் இடத்துக்கு இடம் அறுக்க வேண்டும், ஆப்பு அடிக்க வேண்டும். நாலைந்து தளத்துக்குள் குட்டையாகிவிடும். இதில் வெளிக்குழாய்க்குள் இருக்கும் உள்குழாயை மேலே இழுத்து, துளையில் ஊசி என்கிற தடித்த இரும்பு முளையைச் செருகி, திருகு வளையத்தை இரண்டு சுற்று சுற்றினால் மட்டம் துல்லியமாக வந்து நிற்கிறது.

குறை என்று கேட்டால் ஊசியைத்தான் சொல்வேன். முதலில் தொலைவது அதுதான். தொலைந்ததும் பக்கத்தில் கிடக்கும் துண்டுக் கம்பியைச் செருகிவிடுவார்கள். ஒருமுறை நானும் கவனிக்கவில்லை. கான்கிரீட் பாதி கொட்டியபோது கீழே போய்ப் பார்த்தால், ஒரு முட்டில் 8 மி.மீ. கம்பி வில்லாக வளைந்து, மேலே பலகை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கொட்டுவதை நிறுத்தி, பக்கத்தில் இரண்டு முட்டுகள் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. 150 மி.மீ. தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோ. ஆட்களும் குவித்த கலவையும் தனி. முட்டுக்கு வரும் சுமை முழுவதும் அந்த ஊசி வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அன்றிலிருந்து எல்லா ஊசிகளையும் சங்கிலியால் முட்டோடு பிணைத்துவிட்டேன்.

உயரம் போதவில்லை என்று உள்குழாயைக் கடைசித் துளை வரை இழுப்பதும் கூடாது. ஒரே குழாயின் நீளம் இரட்டித்தால், வளையாமல் தாங்கும் சுமை கால் பங்காகிவிடும். உயரமான அறைக்குப் பெரிய அளவு முட்டே வேண்டும். மண்தரையில் அடித்தகட்டின் கீழ் கனமான பலகை போடாமல் நிறுத்தவே கூடாது. இரவு மழை பெய்தால் காலையில் முட்டு தொங்கிக்கொண்டிருக்கும்.

திருகு வளையம் சுற்றும் மரையில் சிமென்ட் பால் இறுகினால் ஆட்கள் சுத்தியலால் அடிப்பார்கள். அதில்தான் மரை கெடுகிறது. கழற்றிய அன்றே தேய்த்து எண்ணெய் விடுகிறேன்.

கழற்றும்போது நடுவிலிருந்து சுவர்ப்பக்கம் வர வேண்டும். வெளியே நீண்ட தளத்தில் நுனியிலிருந்து உள்ளே. இதில் அவசரப்படுத்துகிறவர்களுக்கு நான் இடம் கொடுப்பதில்லை.

போன மாதம் உள்குழாய் லேசாக வளைந்த 14 முட்டுகளை ஒதுக்கினேன். நிமிர்த்தித் தருகிறேன் என்றார் வெல்டர். வேண்டாமென்று, யாரும் மறுபடி நிறுத்திவிடாதபடி நடுவில் அறுத்தே பழைய இரும்புக்குப் போட்டேன்.