'ராம் ஏர்' என்று சொல்லி மாட்டிவிட்டது வெறும் பைப்: சேலத்தில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன சித்திரையில் என் காருக்கு 'ராம் ஏர் இன்டேக்' மாட்டினேன். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் கம்பெனி வைத்ததை எடுத்துவிட்டு மாட்டும் பைப்பும் ஃபில்டரும்தான் அது. 14,500 ரூபாய். கடை சேலம் ஊருக்குள்தான் இருக்கிறது, பெயர் வேண்டாம். என் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவனும் அதே மாதிரி ஒன்றை மாட்டப்போவதாகப் போன வாரம் சொன்னான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் மாமனார் வீடு ஏற்காட்டில். மாதம் இரண்டு தடவையாவது மலை ஏற வேண்டும். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. நாலு பேர், அரிசி மூட்டை, பைகள் என்று ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டால் கொண்டை ஊசி வளைவில் திணறிவிடும். 20 வளைவு முடியும்வரை கியரிலிருந்து கையை எடுக்க முடியாது. இதைச் சொன்னதும் கடைக்காரர், "ராம் ஏர் போட்டுருங்கண்ணா, 15 ஹெச்பி ஏறும். வளைவுல ரெண்டாவது கியரை விட்டு இறங்கவே வேண்டாம். மைலேஜும் ரெண்டு கிலோமீட்டர் கூடும்" என்றார். லேப்டாப்பில் ஒரு டைனோ கிராஃபையும், அதாவது இன்ஜின் சக்தியை மெஷினில் அளந்து போட்ட படத்தையும் காட்டினார். அது எந்த வண்டியில் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ங்கண்ணா" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் வண்டி பறக்கிற மாதிரியே தோன்றும். இரண்டு வாரம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பரும் நானும் ஒரே மாடல் வண்டிகளில் அடிவாரத்திலிருந்து ஏறினோம். அவருடையது கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி இருக்கிறது. இரண்டிலும் வண்டியின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் மாட்டி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தைப் பார்த்தோம். பாதி மலையில் அவர் வண்டியில் 41 டிகிரி, என் வண்டியில் 64 டிகிரி.

காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். அடர்த்தி குறைந்தால் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறையும், இழுவையும் குறையும். ஆக, பணம் கொடுத்து நான் வாங்கியது கிட்டத்தட்ட 7 சதவீத நஷ்டம். வளைவில் நண்பர் என்னை விட்டு விலகிப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். "தம்பி, இது வாயைக் கொண்டுபோய் அடுப்புல வெச்ச மாதிரி இருக்கு" என்றார். கூம்பு வடிவ ஃபில்டர் எந்த மறைப்பும் இல்லாமல் இன்ஜினை ஒட்டி நிற்கிறது. முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாய், அதிலிருந்து ஒரு ஹோஸ். அந்த ஹோஸ் ஃபில்டருக்கு ஐந்து அங்குலம் முன்னாலேயே முடிந்து, கேபிள் டை போட்டுத் தொங்குகிறது. அவ்வளவுதான் அவர்களுடைய ராம் ஏர்.

ராம் ஏர், கோல்ட் ஏர் என்று இரண்டு பெயரையும் கலந்து விற்பதால் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். கோல்ட் ஏர் என்றால் இன்ஜின் சூடு படாத இடத்திலிருந்து காற்றை எடுப்பது. ராம் ஏர் என்றால் வண்டி ஓடும் வேகத்தாலேயே காற்றைத் திணிப்பது. அதற்கு முன்வாயிலிருந்து ஃபில்டர் வரை வழி முழுக்க அடைபட்டிருக்க வேண்டும், நடுவில் இடைவெளி இருந்தால் அழுத்தமே சேராது. சரி, ஒழுங்காகவே செய்தாலும் என்ன கிடைக்கும்? 100 கிலோமீட்டர் வேகத்தில் கூடும் அழுத்தம் அரை சதவீதத்துக்கும் குறைவு. கொண்டை ஊசி வளைவில் நாம் போகிற 30 கிலோமீட்டரில் அது பத்தாயிரத்தில் நாலு பங்கு. 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பந்தய பைக்குக்குத்தான் அது 3 சதவீதம் அளவுக்கு வரும்.

மலையில் வண்டி திணறுவதற்குக் காரணமும் வேறு. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போய்ச் சேரும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. மலைக் குளிர்ச்சியால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். டர்போ இல்லாத எந்த வண்டிக்கும் இதுதான் நிலைமை, பைப் மாற்றினால் இது மாறாது. மைலேஜ் பேச்சும் அப்படித்தான். சாதாரணமாக ஓட்டும்போது பெட்ரோல் இன்ஜினில் காற்றைத் தடுத்து அளவோடு விடுவது த்ராட்டில் தகடு. ஃபில்டரை எவ்வளவு திறந்துவிட்டாலும் அங்கே கூடுவதற்கு ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் வலித்தது ஒன்று உண்டு. ஃபில்டரை உள்ளே வைத்து கம்பெனி கொடுத்த பெட்டியை, அதாவது ஏர் பாக்ஸை, முன்னாலேயே கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதன் வாய் கிரில்லுக்குப் பின்னால் வெளிக்காற்றைப் பார்த்துத்தான் இருந்தது. அதுவே ஒரு கோல்ட் ஏர் இன்டேக். நல்லதைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவி வெளியேறும் மூச்சுக் குழாய் பழைய பாக்ஸில் சேர்ந்திருந்தது, அதையும் பிடுங்கி, முனையில் கட்டைவிரல் அளவு ஃபில்டர் ஒன்றைச் செருகியிருந்தார்கள். ஏசி போட்டால் ஆயில் வாடை வருகிறது என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டேன். "அப்போ ஃபுல் கோல்ட் ஏர் பண்ணிரலாம்ங்கண்ணா, பைப்பை பம்பருக்குக் கீழே இறக்கிடுறேன், 4,000 ஆகும்" என்றார். யாரும் தயவுசெய்து இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு கீழே வாய் இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் இன்ஜின் தண்ணீரைக் குடித்துவிடும். காற்று மாதிரி தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடுதான் வளையும். சேலத்தில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் ரோடுகள் எப்படி ஆகும் என்று நமக்குத் தெரியும். தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காத இன்சூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் வராது.

பழைய ஏர் பாக்ஸையாவது கொடுங்கள் என்றால், "அது ஸ்கிராப்ல போயிருச்சுங்கண்ணா." பில் இல்லாததால் அதற்கு மேல் பேச முடியவில்லை. எந்த வேலைக்கு விட்டாலும் கழற்றும் பொருளை அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கடைசியில் பழைய ஸ்பேர் விற்கும் இடத்தில் 3,200 ரூபாய்க்கு அதே ஏர் பாக்ஸ் கிடைத்தது. மெக்கானிக் அண்ணனே மாட்டிக்கொடுத்தார். போன வாரம் ஏறும்போது ஸ்கேனரில் 42 டிகிரி. அந்த பைப் என் வீட்டில்தான் இருக்கிறது. மாட்டலாமா என்று யோசிப்பவர்கள் வந்தால் காட்டுகிறேன்.