படகு பேட்டரி தானாக இறங்குகிறது: திருடனைப் பிடிக்க எந்தக் கருவி?

போன ஐப்பசியில் மச்சானின் ஃபைபர் வள்ளம் தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் ஒன்பது நாள் சும்மா கிடந்தது. மழை, காற்று எச்சரிக்கை, கடலுக்குப் போகத் தடை. பத்தாம் நாள் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி வாங்கி எட்டு மாசம்கூட ஆகவில்லை.

"பேட்டரிக்காரன் ஏமாத்திட்டான் மாப்ளே."

"கொஞ்சம் பொறுங்க மச்சான், பேட்டரியைத் திட்டுறதுக்கு முன்னாடி அளந்து பார்ப்போம்."

அளக்கப் போய் ஒரு வாரம் ஓடிவிட்டது. கையில் இருந்த கருவிகள், இரவல் வாங்கியவை, கடைசியில் காசு கொடுத்து வாங்கியது என்று எல்லாவற்றையும் ஒரே படகில் வைத்துப் பார்த்தேன். எது எதற்கு உதவும், எது ஏமாற்றும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பேட்டரி 100 ஆம்பியர் அவர் (ஆம்பியர்-மணி), அதாவது ஒரு ஆம்பியர் வீதம் ஏறக்குறைய நூறு மணி நேரம் தரும் கொள்ளளவு. ஒன்பது நாள் என்றால் 216 மணி நேரம். எங்கோ ஒரு வயர் வழியாக இடைவிடாமல் 300 மில்லி ஆம்பியர் போனால் போதும், 65 ஆம்பியர் அவர் காலி. மீதியில் டீசல் எஞ்சினைச் சுற்றுவது கஷ்டம். 300 மில்லி ஆம்பியர் என்பது ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு எடுப்பது, எரிந்தால் கண்ணில் படும், வயருக்குள் ஓடினால் யாருக்கும் தெரியாது.

காசே செலவாகாத சோதனையிலிருந்து தொடங்கலாம். பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றி, டெர்மினல் இரண்டையும் கழற்றி, அரை நாள் ஆற விட்டு வோல்டேஜைக் குறித்துக்கொள்வது. 12.6, 12.7 இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கும்போது எதுவுமே இணைக்காமல் கணிசமாக இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது, படகைக் குடைய வேண்டாம். தண்ணீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு அறையிலும் விட்டுப் பார்க்கலாம். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த அறை போய்விட்டது. இன்னொன்றும் உண்டு. மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலில் வைத்து மற்ற முனையைப் பேட்டரியின் மேல்மூடியில் சும்மா இழுத்துப் பாருங்கள். சில வோல்ட் காட்டினால், ஆசிடும் உப்பும் சேர்ந்த ஈரப்படலம் மூடிமேலேயே பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்குப் பாலம் போட்டிருக்கிறது. சோடா உப்பு கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் சரி. உள்ளே ஒரு சொட்டு போகாமல் மூடிகளை மட்டும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

மச்சானின் பேட்டரி இரண்டு நாளும் 12.6-ஐ விட்டு நகரவில்லை. பேட்டரிக்காரர் மேல் தப்பில்லை. திருடன் படகில்தான்.

அடுத்தது எல்லோர் வீட்டிலும் இருக்கும் மல்டிமீட்டர். நெகட்டிவ் வயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி இணைப்பது. சில நூறு ரூபாய் கருவி, பத்து மில்லி ஆம்பியரைக்கூடக் காட்டிவிடும்.  ஆனால் மன்னிக்கவே தெரியாத கருவி இது. நடுவில் யாராவது பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் கேட்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் இந்தக் குட்டி மீட்டர் வழியாகப் போகப் பார்க்கும். ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, பக்கத்திலேயே அச்சடித்தும் வைத்திருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. ஆம்பியர் துளையில் செருகியதை மறந்து டெர்மினல் இரண்டிலும் வைத்து வோல்டேஜ் பார்ப்பது இன்னொரு விபத்து. என் முதல் மீட்டர் அப்படித்தான் போனது, வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. வயரைக் கழற்றிய நொடியில் படகில் உள்ள எல்லாமே அணைந்துவிடும். ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) விடுபடும், உறங்காமல் முழித்திருந்த ஜி.பி.எஸ். புதிதாக ஆரம்பிக்கும். திருடன் இருந்த வீட்டுக்குள் மணியடித்துக்கொண்டு நுழைந்த மாதிரி. இதைத் தவிர்க்க, கழற்றும் முன்பே ஒரு ஜம்பர் வயரால் டெர்மினலையும் கேபிளையும் இணைத்துவிட்டு, மீட்டரைச் சேர்த்தபின் ஜம்பரை எடுக்க வேண்டும். ஆடும் வள்ளத்தில் இதற்கு மூன்று கை தேவை.

பழைய மெக்கானிக்குகள் மீட்டருக்குப் பதில் அதே இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பைக் கோர்ப்பார்கள். நல்ல ஷார்ட் சர்க்யூட் என்றால் பளிச்சென்று எரியும், எதுவும் கருகாது. ஆனால் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்புக்கு முழுசாக எரிய ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். 100 மில்லி ஆம்பியர் கசிவில் அதன் இழை சிவக்கக்கூடச் செய்யாது. பல்பு எரியவில்லை, ஆகவே கசிவு இல்லை என்று முடிவுகட்டும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கிளாம்ப் மீட்டர். வயரைக் கழற்ற வேண்டாம், வாயைத் திறந்து கவ்வினால் போதும். கடையில் கேட்கும்போது டி.சி. ஆம்பியர் அளக்குமா என்று கேளுங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் பாதிக் கிளாம்புகள் ஏ.சி. மட்டும்தான் அளக்கும், பேட்டரி வயரில் எப்போதும் சைபர் காட்டி நம்மை நிம்மதியாகத் தூங்க வைக்கும். டி.சி. கிளாம்பிலும் பெரிய கரண்டுக்கு உள்ளது சின்னக் கசிவுக்கு ஆகாது. யூனி-டி யு.டி.210இ மாதிரி, 2 ஆம்பியர் அளவில் ஒரு மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்டும் குட்டிக் கிளாம்ப் வேண்டும். அதிலும் பூமியின் காந்தம் விளையாடும். வயரைக் கவ்வும் முன், கவ்வப்போகும் அதே கோணத்தில் பிடித்து சைபர் பட்டனை அழுத்தணும். கையைத் திருப்பினாலே பத்திருபது மில்லி ஆம்பியர் மாறும். மெல்லிய வயராக இருந்தால் வாய்க்குள் ஐந்து சுற்று சுற்றி, வரும் எண்ணை ஐந்தால் வகுத்தால் இந்த ஆட்டம் பெரிதாகப் பாதிக்காது.

எங்கே கவ்வுகிறோம் என்பதுதான் கருவியைவிட முக்கியம். பலரும் மெயின் சுவிட்சுக்குப் போகும் தடித்த கேபிளைக் கவ்விவிட்டு, சைபர் வந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். டெர்மினலை உற்றுப் பாருங்கள். தடித்த கேபிளோடு நட்டுக்கடியில் இரண்டு மூன்று மெல்லிய வயர் ஒட்டிக்கொண்டிருக்கும்: தண்ணி இறைக்கும் பம்புக்கு ஒன்று, சோலார் கண்ட்ரோலருக்கு ஒன்று, எவனோ எப்போதோ பாட்டுப் பெட்டிக்கு இழுத்தது ஒன்று. மெயின் சுவிட்சை அணைத்தாலும் இவை அணையாது. ஆக நெகட்டிவ் பக்கம் உள்ள அத்தனை வயரையும் சேர்த்து ஒரே கவ்வாகக் கவ்வணும்.

மொத்தக் கசிவு தெரிந்தபின் எந்தக் கிளை என்று பார்க்க, ஃபியூஸின் இரு முனையிலும் மில்லி வோல்ட் அளப்பது ஓர் அழகான வழி. 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸுக்கு ஏழெட்டு மில்லி ஓம் தடை இருக்கும். 100 மில்லி ஆம்பியர் ஓடினால் முக்கால் மில்லி வோல்ட் அளவுக்குக் காட்டும். ஃபியூஸைப் பிடுங்காமலே வரிசையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம். காரில் அருமையான முறை. நம் வள்ளங்களில் ஃபியூஸ் பெட்டி இருந்தால்தானே! வயரில் கோர்த்த கண்ணாடி ஃபியூஸும், அதற்குமேல் உப்பும், ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பேப்பரும்தான் இருக்கும்.

மச்சானின் படகுக்குத் திரும்புகிறேன். மல்டிமீட்டர், குட்டிக் கிளாம்ப் இரண்டும் ஒரே பதில் சொன்னன: 12 மில்லி ஆம்பியர். பாட்டுப் பெட்டி தன் நினைவைக் காத்துக்கொள்ள எடுப்பது. ஒன்பது நாளுக்கு மூன்று ஆம்பியர் அவர்கூட வராது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் காலையில் எஞ்சின் போடும் முன்பே தொட்டுப் பார்த்தேன். அதற்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு கெட்டுப் பெரிய கசிவு இருந்தால் ராத்திரி முழுக்க ஓடாமலே வெதுவெதுப்பாக இருக்கும். சில்லென்று இருந்தது. ஆனாலும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

இங்கேதான் இந்தக் கருவிகள் அத்தனையும் ஒரே இடத்தில் தோற்கின்றன. நாம் பார்க்கும் நொடியை மட்டும் காட்டுபவை அவை. பகலில் வேலை செய்யாத திருடனுக்கு ராத்திரிக் காவல் வேண்டும்.

அந்தக் காவல்தான் ஷண்ட் வைத்த பேட்டரி மானிட்டர். நெகட்டிவ் பாதையில் தடை மிகக் குறைந்த ஓர் உலோகத் துண்டை நிரந்தரமாகக் கோர்த்து, போகும் வரும் கரண்டை எல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். விக்ட்ரான் கம்பெனியின் 500 ஆம்பியர் ஷண்ட் அப்படி ஒன்று. விலை அதிகம், சின்ன வள்ளத்துக்குத் தேவையா என்று மச்சான் முகத்தைச் சுளித்தார். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: 0.1 ஆம்பியருக்குக் கீழே ஓடும் கரண்டைச் சைபர் என்றே கணக்கில் வைக்கும்படி அமைத்துத்தான் வரும். செட்டிங்கில் போய் மாற்றாவிட்டால், 80 மில்லி ஆம்பியர் கசிவு மாசக்கணக்கில் ஓடினாலும் பேட்டரி நிறைந்திருப்பதாகவே சொல்லும். ஆகவே இடைவிடாத சின்னக் கசிவுக்குக் கிளாம்ப், விட்டுவிட்டு வரும் பெரிய கசிவுக்கு ஷண்ட் என்பது என் கட்சி. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிளாம்பை வாங்குங்கள், ராத்திரிக்கு நாம் கண்விழித்துக்கொள்ளலாம்.

நான் ஷண்டை இரவல் வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் இரவு மழை. காலையில் பார்த்தால் பதினெட்டு ஆம்பியர் அவர் போயிருந்தது, அந்த நேரத்திலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. காதைப் படகின் முன்பக்கமான அணியத்தில் வைத்தபோது ஒன்றுமில்லை; பின்பக்கம் குனிந்தபோதுதான் தேனீ மாதிரி ஒரு ரீங்காரம். பம்ப்.

வள்ளம் மணலில் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மழைத்தண்ணி அங்கே சேர்ந்து, தண்ணி ஏறினால் மிதந்து பம்பை ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்சைத் தூக்குகிறது. பம்பின் வாயை மீன் செதிலும் வலை நூலும் அடைத்திருக்கின்றன, ஆகவே தண்ணி வெளியேறவே இல்லை, சுவிட்சும் இறங்கவில்லை. வெயில் வந்து தண்ணி வற்றியபின் தானாக நின்றுவிடும். நான் மீட்டரோடு போனது எல்லாம் வெயில் நாள்.

செதிலைச் சுரண்டி எடுத்து, பம்ப் வயர் முடிச்சில் சுற்றியிருந்த டேப்பையும் பிரித்தேன். செம்பு பச்சையாகப் பூத்து, விரலில் மாவாக வந்தது. முடிச்சை வெட்டி எறிந்து, பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டுப் புதிதாக இணைத்து, பில்ஜுக்கு (தண்ணி சேரும் படகின் அடிப்பகுதி) மேலே தண்ணி எட்டாத உயரத்தில் கட்டினேன். பம்பை மட்டும் மெயின் சுவிட்சுக்குள் கொண்டுவரவில்லை. கரையில் ஆளில்லாதபோது தண்ணி இறைக்கத்தானே அது இருக்கிறது. அதற்கு ஒரு ஃபியூஸும், ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கும் சேர்த்தேன். மச்சான் இப்போது ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கரைப்பக்கம் ஒரு நடை போய் அந்த விளக்கைப் பார்த்துவிட்டு வருகிறார்.

அந்த 12 மில்லி ஆம்பியரை அப்படியே விட்டுவிட்டோம். பாட்டுப் பெட்டியில் அவர் சேர்த்து வைத்த ஸ்டேஷன்கள் அழிந்துபோகுமாம்.