ஆடிய பல்லைப் பிடுங்காத கிளினிக்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே, கீழ்த்தளத்தில் இருக்கும் பல் கிளினிக் இது. வேறோர் இடத்தில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டதிலிருந்து அந்தப் பக்கம் மெல்லவே முடியவில்லை. போகப் போகப் பல் லேசாக ஆடவும் தொடங்கியது. எடுத்துவிட்டு இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். விலையைக் கேட்டதும், எதற்கும் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று இங்கே வந்தேன்.

டாக்டர் சின்னப் பெண், நன்றாகத் தமிழ் பேசுகிறார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். ஈறு நோய் இல்லை. பிறகு கடி எங்கே விழுகிறது என்று பார்க்க, மை தடவிய நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். மற்றப் பற்களில் மை பட்டும் படாமலும் இருக்க, உறையின் ஒரு மூலையில் மட்டும் அழுத்தமாக ஒரு புள்ளி. எக்ஸ்ரேயில் அந்த வேரைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடு பக்கத்துப் பல்லில் இருந்ததைவிட அகலம்.

"அங்கிள், பல்லு நேரா எலும்புல ஒட்டிக்கிட்டு இல்ல. இந்தக் கறுப்புக் கோடு இருக்கிற இடத்துலதான் நாரெல்லாம் இருக்கு" என்று தாளை எடுத்து வரைந்தே காட்டினார். அந்த இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டர்தானாம். அதற்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. ஒரு முனை வேரின் மேலுறையான சிமெண்டத்திலும் மறுமுனை தாடை எலும்பிலும் புதைந்திருக்கிறது. புதைந்த அந்த முனைகளுக்கு ஷார்ப்பி இழைகள் என்று பெயர். விளிம்பில் இருப்பவை, படுக்கையாகப் போகிறவை, வேர் நுனியில் இருப்பவை, கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நடுவே இருப்பவை என்று பல வகை. பெரும்பாலானவை சாய்ந்த இழைகள். எலும்பில் மேலேயும் வேரில் கீழேயும் பிடித்திருப்பதால் பல் தூளியில் கிடப்பதுபோல் தொங்குகிறது. கடிக்கும்போது விழும் அழுத்தத்தை அவை இழுவிசையாக மாற்றி எலும்புக்குக் கொடுத்துவிடும். உறை உயர்ந்துபோனதால் ஒவ்வொரு கடியும் அந்த ஒரே பல்லின்மேல் விழுந்திருக்கிறது. இடைவெளி அகன்றதும் பல் ஆடியதும் அதனால்தான்.

உறையைத் தேய்த்துச் சமப்படுத்தியதோடு சரி, வேறு சிகிச்சை இல்லை. இந்த இழைகள் உடம்பிலேயே வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் ரகமாம். சில வாரம் அந்தப் பக்கம் மென்மையானதாகச் சாப்பிட்டேன். ஆட்டம் நின்றது, இப்போது முறுக்கே கடிக்கிறேன்.

இம்பிளான்ட் பற்றியும் கேட்டுவைத்தேன். அது நேரடியாக எலும்போடு இறுகிவிடும், நடுவே இழை கிடையாது. சோற்றில் பொடிக்கல் கடிபட்டால் சட்டென்று தெரிவது இந்த இழைகளுக்கு இடையே ஓடும் நரம்புகளால். இம்பிளான்டில் அந்த உணர்வு மங்கல்தான். பல்லே இல்லாதவருக்கு அது வரம். எனக்கு எதற்கு?

குறை இல்லாமல் இல்லை. நேரம் குறித்துக்கொண்டு போனாலும் காக்க வைக்கிறார்கள். ஏர்கான் வேறு நடுக்குகிறது. மருத்துவச் செலவுக்கென்று சேமிக்கும் மெடிசேவ் பணத்தை இதற்கு எடுக்க முடியாததால் கைக்காசுதான் கொடுத்தேன். சனிக்கிழமை கூட்டம் தாங்காது, வேலை நாளில் காலையில் போங்கள்.