ஓதம் ஏறும் சுவர்: காரையா, சிமெண்டா, டைல்ஸா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பழைய வீட்டு மராமத்துக்கு நாள் குறிப்பது வீட்டில் வரும் விசேஷம்தான். கல்யாணமோ அறுபதாங்கல்யாணமோ நெருங்கும்போதுதான் பங்காளிகள் கூடிப் பேசுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போடுவார்கள். கையில் முப்பது நாள் இருக்கும். அதற்குள் வளவிலும் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டிலும் இடுப்பளவுக்குப் பொரிந்து உதிர்கிற பூச்சைச் சரிசெய்தாக வேண்டும். முப்பது நாளில் கொத்தி, பூசி, பெயிண்டும் அடித்து முடிக்கக்கூடியது சிமெண்ட் ஒன்றுதான். முடித்தும் விடுகிறார்கள். விசேஷத்தன்று எடுக்கிற போட்டோவில் சுவர் பளிச்சென்று விழும். இரண்டு ஐப்பசி கழிந்தால், மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரமான ஓதம், அந்தச் சிமெண்டின் தலைக்கு மேலே, முன்பு நன்றாக இருந்த பழைய காரையில், அதாவது சுண்ணாம்புப் பூச்சில், வந்து நிற்கும்.

இதற்குக் காரணம் சுவரின் உள்ளேயே இருக்கிறது. பழைய வீட்டுச் சுவர்கள் சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் எழுப்பியவை. இன்றைய வீடுகளில் கடைக்காலுக்கு மேல் போடும் ஈரத்தடுப்புப் பட்டை அவற்றில் இருக்காது. மண்ணிலுள்ள தண்ணீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லின் நுண்துளை வழியே மேலே ஏறும். சுவரின் முகத்துக்கு வந்து காற்றில் ஆவியாகும். தண்ணீர் போய்விடும், அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்கும். அந்த உப்பு படிகமாக வளரும்போது பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். ஏறுகிற அளவும் ஆவியாகிற அளவும் சமமாகிற உயரத்தில் ஓதம் நிற்கும், பெரும்பாலும் மூன்று நான்கு அடியில். ஆவியாகும் முகத்தை அடைத்தால் தண்ணீர் வேறு முகம் தேடி இன்னும் மேலே போகும். கீழே வரும் ஒவ்வொரு சரக்கையும் இந்த ஒரு கணக்கை வைத்தே எடைபோடலாம்.

முதலில், அது ஓதம்தானா?

ஒரு அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்திருந்தால் அது காற்றிலிருந்து படிகிற ஈரம். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இது சகஜம், சன்னலைத் திறந்துவைக்க ஓர் ஆள் ஏற்பாடு செய்தாலே பாதி குறையும். கறை மேலிருந்து கீழாக இறங்கினால் கூரையைப் பாருங்கள், சுவரை விட்டுவிடுங்கள். வட்டமாகவோ ஒரு கோடு பிடித்தோ ஈரம் இருந்தால் பிளம்பிங் பைப். கையில் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் வரும் எல்லையைக் கரித்துண்டால் வட்டமிட்டு வைத்துக்கொண்டால், எவ்வளவு கொத்த வேண்டும் என்பதில் பிறகு மேஸ்திரியோடு தகராறு வராது.

சிமெண்ட்

100 சதுர அடிக்கு 12 மில்லிமீட்டர் கனத்தில் 1:5 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) பூச, முக்கால் மூட்டை சிமெண்டும் நாலரை கன அடி மணலும் போதும். பழைய சுவரின் மேடுபள்ளத்துக்கு இதில் ஒன்றரை மடங்கு ஆகும். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாளில் முடித்துவிடுவார்கள். ஏழு நாள் தண்ணீர் தெளித்தால் வேலை தீர்ந்தது. சரக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும், வேலை தெரிந்த ஆள் எந்தத் தெருவிலும் கிடைப்பார். சிமெண்டின் பலம் இவ்வளவுதான், ஆனால் இது சின்னப் பலம் அல்ல.

பலவீனம், அது சுவரைவிடக் கெட்டியாகவும் அடர்த்தியாகவும் இருப்பது. ஈரம் முகத்துக்கு வராமல் பின்னால் தேங்கும், மேலே ஏறும். வெயிலுக்கும் குளிருக்கும் பழைய சுவர் மெல்ல நெகிழும். சிமெண்ட் நெகிழாது, பிரிந்து நிற்கும். பிரியும்போது சும்மா பிரியாது, மிருதுவான பழைய செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு வரும். பிறகு எந்தப் பூச்சு பூசுவதானாலும் முதலில் செங்கல்லுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். “வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்து பூசுகிறோம்” என்று சொன்னால் இன்னும் மோசம்: அடைப்பு இன்னும் இறுக்கமாகிறது.

சிமெண்ட் பூசித்தான் ஆக வேண்டுமென்றால், போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அதை ஊற்றிப் பதப்படுத்துவது, சுவருக்குள் உப்பை நாமே ஏற்றுவதுதான்.

டைல்ஸ், பிவிசி பேனல், பட்டி

இந்த மூன்றும் மறைப்பு வேலை. கீழ் நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டினால் தண்ணீர் ஐந்தாவது அடியில் தெரியும், நாளடைவில் டைல்ஸே பின்னால் காற்று வாங்கிக்கொண்டு தொங்கும். பட்டி (சுவரைச் சமன்செய்யும் வெள்ளை மாவுப் பூச்சு) வைத்து எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஒரே மழையில் அப்பளமாக எழும்பும். பிவிசி பேனல் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். ஒரே நாளில் அடித்துவிடலாம், பார்வைக்குச் சுத்தம். அதன் பின்னால் இருட்டும் ஈரமும் சேர்ந்து கரையானுக்கு வளவு கட்டிக்கொடுத்த மாதிரி. பக்கத்தில் நிற்பது பர்மா தேக்கு நிலை. தேக்குக்குக் கரையான் லேசில் வராது என்றாலும், வருஷக்கணக்கில் ஈரத்தில் நிற்கும் நிலையின் கால் எந்த மரமானாலும் உளுத்துப்போகும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மூன்றும் வேண்டாம் என்பதே பதில்.

காரை

சுண்ணாம்புக் காரையில் ஈரம் தாராளமாக வெளியேறும். உப்பு காரைக்குள்ளேயே படிந்து, பல வருஷத்தில் காரைதான் உதிரும், செங்கல் தப்பிக்கும். உதிர்ந்ததைக் கொத்திவிட்டு மறுபடி பூசலாம். அதாவது ஓதச் சுவரில் காரையும் நிரந்தரம் கிடையாது. சுவருக்குப் பதிலாகத் தான் அழிவதே அதன் வேலை. “பாட்டன் பூசிய காரை நூறு வருஷம் நின்றதே” என்பார்கள். நின்றது மேல்சுவரில். கீழ் மூன்றடியை அந்தக் காலத்திலும் அவ்வப்போது பூசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரக்கு: 100 சதுர அடிக்கு இரண்டு கைப் பூச்சு, மொத்தம் 20 மில்லி, 1:3 கலவை என்றால் ஏழு கன அடி மணல், 65 லிட்டர் சுண்ணாம்புக் களி. அந்தக் களிக்கு நல்ல சுட்ட சுண்ணாம்பு முப்பது கிலோ வேண்டும். கல் கலந்த சரக்கானால் கூடுதலாக வாங்குங்கள். பாக்கெட்டில் பொடியாக வரும் சுண்ணாம்பு வெள்ளையடிக்க ஆகும், பூச்சுக்கு அதை நம்ப வேண்டாம். காற்றுப் பட்டுப் பாதி செத்திருக்கும்.

நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் வெடித்துத் தெறிக்கும். கொதிநிலை வரை சூடேறும் என்பதால் பிளாஸ்டிக் டிரம் ஆகாது, சிமெண்ட் தொட்டியோ இரும்பு டிரம்மோ வேண்டும். கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். கண்ணில் பட்ட சுண்ணாம்பு பார்வையையே பறித்துவிடும். நீற்றிய களியைச் சல்லடையில் வடித்து, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட வேண்டும். இரண்டு மாதமானால் இன்னும் நல்லது. அவசரப்பட்டால் நீறாத குருணை பூச்சுக்குள் போய், மாதங்கள் கழித்து நீறும். சுவரில் அம்மை போட்டதுபோல் குழி குழியாகத் தெறித்து விழுவது அதனால்தான்.

கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் கலவை பிசைவது இந்தப் பக்கத்து வழக்கம். கலவை வழுக்கலாக வரும், மெதுவாக இறுகும், பிடிப்பு கூடும். அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். வெல்லம் அதிகமானால் பூச்சு இறுக மறுக்கும், எறும்பும் வரும். முட்டை வெள்ளைக்கரு, கடைசியாகத் தேய்த்து மெருகேற்றும் மெல்லிய பூச்சுக்கு மட்டும். அடிப்பூச்சிலும் முட்டை ஊற்றுவேன் என்பவரிடம் முட்டைக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

ஓதம் கடுமையான கீழ்ப்பகுதிக்கு வெறும் சுண்ணாம்பு போதாது. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி. ஈரம் நிற்கும் இடத்தில் அது நடக்காது. சுண்ணாம்பு, செங்கல் தூள், மணல் 1:1:2 என்று கலந்தால், செங்கல் தூளோடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். “சீக்கிரம் பிடிக்கக் கொஞ்சம் சிமெண்ட் போட்டுக்கலாம்” என்ற யோசனை வேலை நடக்கும் இடத்தில் கட்டாயம் வரும். மறுத்துவிடுங்கள். கொஞ்சம் சிமெண்ட், சுண்ணாம்பின் நெகிழ்வையும் கெடுக்கும், சிமெண்டின் உறுதியையும் தராது.

மணலில்தான் இப்போது பாதிக் காரை கெடுகிறது. ஆற்று மணல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டில் மாவு அதிகம், அப்படியே போட்டால் பூச்சு வலை வலையாக வெடிக்கும். பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்டை வாங்குங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் சேறு தடிமனாக இருந்தால் அலசிவிட்டுத்தான் போட வேண்டும்.

பூசும் முன் சுவரை நனைக்க வேண்டும், சொட்டக்கூடாது. ஒரு கைக்கு 10 மில்லிக்கு மேல் ஏற்றாதீர்கள். முதல் கைப் பூச்சு, விரல் நகம் இறங்காத அளவு இறுகியபின் அடுத்த கை. இதற்கு ஒரு வாரமும் ஆகலாம். ஆடிக் காற்றில் பூசினால் நனைத்த சாக்கு தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் முகம் காய்ந்து உள்ளே மாவாக நிற்கும். முழுக் கனமும் இறுக மாதத்துக்கு ஒரு மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வளவில் மெருகேற்றிய பழைய முகத்தோடு புதுப் பூச்சு ஒருநாளும் நிறம் சேராது. இரண்டும் சேரும் இடத்தை நடுச்சுவரில் விடாமல் மூலையிலோ கீழ்க்கோட்டிலோ கொண்டுபோய் முடிப்பதுதான் சாமர்த்தியம்.

செலவில் சரக்கு பயமுறுத்தாது, கூலிதான் கூடும். சிமெண்டுக்கு ஒருமுறை வரும் ஆள் காரைக்கு நான்கைந்து முறை வர வேண்டும்.

ஊசி போடுவது

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு, தண்ணீரை விலக்கும் சிலேன் களிம்பைச் செலுத்தும் முறையும் வந்திருக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் நன்றாகவே வேலை செய்யும். இரண்டடிச் சுவரில் இருபுறமும் செங்கல் வைத்து நடுவே ஜல்லியும் சாந்தும் கொட்டியிருந்தால், மருந்து பொந்துக்குள் ஓடிவிடும், தடுப்பு முழுமையாகாது. காசும் கணிசம். சுவரில் ஓர் இடத்தில் துளைத்து நடுப்பகுதி என்னவென்று பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சுவருக்கு வெளியே

உண்மையில் பாதி ஓதத்துக்கு மருந்து தெருவில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் திண்ணையின் உயரம் படிப்படியாகக் குறைந்துவிட்டது; சில தெருக்களில் மழைத்தண்ணீர் வீட்டைப் பார்த்துத்தான் ஓடுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அரசே அறிவுறுத்தியிருக்கிறது. சாலை வேலை தொடங்கும் நாளில் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நின்று அதைச் சொல்லிக் கேட்கலாம். போட்டு முடித்தபின் மனு கொடுத்துப் பயனில்லை. மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டியிருந்தால், அஸ்திவாரத்துக்கு நாமே தண்ணீர் ஊட்டுகிறோம். பத்தடியாவது தள்ளி வையுங்கள். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்திருக்கிறதா என்று புரட்டாசிக்குள் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். சுவரை ஒட்டிக் கான்கிரீட் போடுவதைவிட, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்பி, நூறடிக்கு ஓரடி சரிவு வைத்து வெளியேற்றுவது மேல். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போய்விடக் கூடாது.

எந்த இடத்துக்கு எது

பழைய செங்கல் சுவர் எதுவானாலும், கீழ்ப்பகுதிக்குக் காரை. அதன்மேல் எமல்ஷன் வேண்டாம், மெல்லிசாக நான்கைந்து கை வெள்ளை. மஞ்சள், சிவப்பு வேண்டுமானால் காவி போன்ற மண் நிறங்களை அதிலேயே கரைக்கலாம். புதிதாகக் கட்டிய குளியலறை, பாத்திரம் கழுவும் மேடை, காம்பவுண்ட் சுவர், கான்கிரீட் தூண் இவற்றுக்குச் சிமெண்டே சரி. அங்கே போய்க் காரை பூசுவது வெறும் ஆசை.

நாள் கணக்கு: மழை ஓய்ந்த தையில் பொரிந்த பகுதிக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்துக் கொத்துங்கள். உப்பைக் கழுவ வேண்டாம். கழுவினால் கரைந்து உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளித் தெருவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆனிவரை சுவரை வெறுமனே காயவிட்டு, உட்சுவரானால் ஆவணியில் பூசுங்கள்.

விசேஷம் வைகாசியில் வருகிறதென்றால்? உதிர்ந்ததைச் சுரண்டி, உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, செங்கல் தெரியத் தெரிய மூன்று கை வெள்ளை மட்டும் அடியுங்கள். இரண்டு நாள் வேலை. சமக்காளத்தையும் நாற்காலி வரிசையையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டால், பட்டுப்புடவையில் வெள்ளையும் ஒட்டாது.