கார்ப்பெட் பக்கி, மண் பக்கி: ஒரே காரை இரண்டு முறை வாங்க வேண்டுமா?

ரிமோட்டில் ஓடும் குட்டிக் கார்களைப் பந்தயம் விடும் எங்கள் கார்ப்பெட் டிராக்கில் போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் புது பக்கியோடு (மேடுபள்ளத்தில் ஓடும் வகைக் கார்) வந்தான். மூன்று வாரம் ராத்திரி கண்விழித்துக் கட்டியதாம். ஒரு திருகுகூடக் கோணலில்லை, பாடியில் பெயின்ட் வேலையும் அழகு. பக்கத்து மேசைக்காரர் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது டி ஆச்சே" என்றார். பையனுக்குப் புரியவில்லை. மாடல் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஒற்றை 'டி', மண் டிராக்குக்கான கார் என்பதற்கு அடையாளம். அந்த எழுத்துக்கு இத்தனை அர்த்தம் இருப்பதை கடையிலும் யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஆர்சி (ரிமோட் கார்) ரேஸிங்கில் 1/10 அளவு டூ வீல் டிரைவ் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்) பக்கியை முன்பெல்லாம் ஒன்று வாங்கினால் போதும். டயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். இன்று பெரிய கம்பெனிகள் பலவும் ஒரே காரை இரண்டு பெட்டிகளில் விற்கின்றன. டீம் அசோசியேட்டட் 2016 கடைசியில் பி6, பி6டி என்று பிரித்தது. இப்போதைய பி7, பி7டி வரை அதே கதைதான். எக்ஸ்ரேயின் எக்ஸ்பி2-வில் கார்ப்பெட்டுக்கு 'சி', மண்ணுக்கு 'டி'. யோகோமோ ஒய்இசட்-2-வில் 'சிஏ' என்றால் கார்ப்பெட்டும் செயற்கைப் புல்லும், 'டிடி' என்றால் மண். டிஎல்ஆர் தன் 22 5.0-க்கு 'ஏசி', 'டிசி' என்று பெயர் வைத்தது. மின்சார சமாச்சாரம் ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள், ஏசி என்றால் புல்லும் கார்ப்பெட்டும், டிசி என்றால் மண்ணும் களிமண்ணும்.

இது வியாபாரத் தந்திரமா, நிஜமாகவே தேவையா? நான் இரண்டு வகையையும் வைத்து ஓட்டுகிறவன். ஒஹாயோவில் என் வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு கார்ப்பெட் டிராக், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு களிமண் டிராக். தேவை நிஜம்தான், ஆனால் அந்தத் தேவை எல்லோருக்கும் கிடையாது என்பதே என் அனுபவம்.

முதலில் கார்ப்பெட்டைப் பார்ப்போம். அங்கே பிடிப்பு பசை மாதிரி. திருப்பத்தில் வேகமாக ஸ்டியரிங்கை ஒடித்தால் கார் வழுக்காது. அதற்குப் பதிலாக உள்பக்கச் சக்கரங்கள் மேலே எழும்பி, கார் அப்படியே குட்டிக்கரணம் அடிக்கும். 'டிராக்ஷன் ரோல்' என்பது இதுதான். இதைத் தடுக்க முக்கிய வழி எடையைத் தரையோடு தரையாக இறக்குவது. கார்ப்பெட் காரில் கியர் பாக்ஸைப் படுக்க வைத்திருப்பார்கள், அதனால் மோட்டார் தாழ்ந்து முன்னால் வந்துவிடும். ஸ்பிரிங் கெட்டி, அதிர்வைத் தாங்கும் ஷாக் குட்டை, டிஃப் (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்யும் பாகம்) பொதுவாக எண்ணெய் ஊற்றிய கியர் டிஃப்.

களிமண்ணில் பிரச்சினை தலைகீழ். பின்சக்கரம் மண்ணைக் கவ்வ வேண்டுமானால் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் எடை பின்னால் போய் உட்கார வேண்டும். எடை கொஞ்சம் உயரத்தில், கொஞ்சம் பின்னால் இருந்தால்தான் அது நடக்கும். அதனால் மண் காரில் கியர் பாக்ஸ் நிமிர்ந்தோ சாய்ந்தோ நிற்கும். ஸ்பிரிங் மென்மை, ஷாக் நீளம், டிஃப் பெரும்பாலும் குட்டி உருண்டைகள் வைத்த பால் டிஃப்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. கியர் பாக்ஸுக்குள் மூன்று கியர் இருந்தால் மோட்டார் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், நான்கு இருந்தால் அதே திசையில் சுற்றும். மோட்டார் வேகமெடுக்கும்போது அதன் எதிர்வினை காரின் அடித்தளமான சேஸின் மேல் விழுகிறது. நான்கு கியர் என்றால் மூக்கைத் தூக்கிப் பின்பக்கத்தை அமுக்கும், மூன்று என்றால் மூக்கை அமுக்கும். பிடிப்பு குறைந்த மண்ணுக்கு நான்கு, பிடிப்பு மிகுந்த தளத்துக்கு மூன்று என்பது அதனால் வந்த வழக்கம். இவ்வளவு சின்ன மோட்டாரில் அது தெரியுமா என்று நானும் கேலி செய்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டையும் மாற்றிப் போட்டு ஓட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

மாற்றி ஓட்டினால் என்ன ஆகும்? நான் முதலில் வாங்கியது கார்ப்பெட் கார். அதைக் களிமண்ணுக்கு எடுத்துப்போன அன்று, திருப்பம் முடிந்து நேர்ப்பாதையில் விசையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் வால் முன்னால் வந்துவிட்டது. கைவிரலை முட்டைமேல் வைப்பதுபோல் வைத்தாலும் சுற்றியது. ஐந்து நிமிட ஹீட்டில் (தகுதிச்சுற்றில்) பதினோரு முறை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். மண் காரைக் கார்ப்பெட்டில் ஓட்டுவது அவ்வளவு மோசமில்லை. கரணம் அடிக்கும், சோம்பேறித்தனமாகத் திரும்பும், ஆனால் ரேஸை முடிக்கலாம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், எங்கே ஓட்டுவோம் என்றும் தெரியாது என்றால் மண் காரை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கெட்டியாக்குவது எளிது. ஸ்பிரிங்கை மாற்றலாம், கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் போடலாம், சேஸின் அடியில் பித்தளை எடை வைக்கலாம். உட்கார மறுக்கும் காரை உட்கார வைப்பது கஷ்டம்.

சரி, பணத்துக்கு வருவோம். இன்றைக்கு மேல்மட்ட கிட் (நாமே கட்ட வேண்டிய பாகப் பெட்டி) ஒன்று அமெரிக்காவில் 400 டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. அந்தப் பெட்டியில் மோட்டார் இல்லை, ஸ்பீடு கன்ட்ரோலர் இல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பும் செர்வோ இல்லை, பேட்டரி இல்லை, பல கிட்களில் டயரும் இல்லை. என் கணக்கில் அதற்கெல்லாம் சேர்த்து இன்னொரு 400, 450 ஆகும். ரிமோட் தனி. ஆக, ஓடத் தயாரான ஒரு கார் ஏறத்தாழ 850 டாலர்.

முதல் வழி, இரண்டு காரையும் வாங்கிவிடுவது. 1,700 டாலர் என்று கேட்கும்போதே தலை சுற்றும், ஆனால் நடைமுறையில் அவ்வளவு ஆகாது. பேட்டரி பொது. ஒரே கம்பெனியின் இரண்டு வகையையும் எடுத்தால் உடையும் பாகங்களில் பல பொதுவாக இருக்கும், உதிரிப் பெட்டி இரட்டிக்காது. இதில் ஒரு தவறு பலரும் செய்வார்கள், நானும் செய்தேன். கார்ப்பெட்டுக்கு ஒரு கம்பெனி நல்லது, மண்ணுக்கு வேறொன்று நல்லது என்று கேள்விப்பட்டு தளத்துக்கு ஒன்றாக வாங்கினேன். இப்போது என் பையில் இரண்டு குடும்பத்துச் சாமான் இருக்கிறது, ஒருவர் திருகு இன்னொருவருக்கு ஆகாது.

இரண்டாவது வழி, ஒரு காரை வாங்கி மற்றதாக மாற்றும் பாகங்களைத் தனியே வாங்குவது. காகிதத்தில் இதுதான் புத்திசாலித்தனம். கியர் பாக்ஸ் கூடு, கியர்கள், ஷாக் டவர், சில கார்களுக்கு சேஸ் தட்டே வேறு. கூட்டிப்பார்த்தால் 200 முதல் 300 டாலர். அதாவது ஏறத்தாழ பாதிக் கிட்டின் விலை, சில சமயம் அதற்கும் மேல். பணம்கூடப் பரவாயில்லை, வேலைதான் ஆளைக் கொல்லும். சமையலறை மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, பின்பக்கம் முழுவதையும் கழற்றி, கியர் பாக்ஸை மாற்றி, ஷாக்கைத் திறந்து எண்ணெய் மாற்றி, மறுபடி உயரம், கேம்பர் (சக்கரச் சாய்வு) எல்லாம் அளந்து முடிக்க எனக்கு நான்கு மணி நேரம். ஒரு முறை கடுகளவு இ-கிளிப் ஒன்று தெறித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் காலை ரேஸ். அதோடு அந்த வழியை விட்டேன். குளிர்காலம் முழுக்கக் கார்ப்பெட், கோடை முழுக்க மண் என்று பருவத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவருக்கு இது சரிப்படும். வாரம் மாறி வாரம் மாற்ற நினைப்பவர் இந்தப் பக்கமே வராதீர்கள்.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை: பிரிவினைக்கு முந்தைய பழைய கார். டிஎல்ஆரின் முதல் 22 இருக்கிறதே, அதன் பெட்டியிலேயே மோட்டாரைப் பின்னால் வைத்துக் கட்டவும் நடுவில் வைத்துக் கட்டவும் பாகங்கள் இருந்தன. ஒரே விலை, இரண்டு கார். அசோசியேட்டட் அதற்குப் பிறகு பி5 என்று பின்மோட்டார் காரையும் பி5எம் என்று நடுமோட்டார் காரையும் தனித்தனியே விற்றது. அந்த நடுமோட்டார் காரின் முன்மாதிரியில்தான் ஸ்டீவன் ஹார்ட்சன் 2013-ல் கலிஃபோர்னியாவின் சிகோவில், மண் டிராக்கில், உலகப் பட்டம் வென்றார். நடுமோட்டார் கார் மண்ணுக்கு ஆகாது என்ற பேச்சு அதோடு அடங்கியது. அன்று பிரிவினை மோட்டாரின் இடத்தை வைத்து. இன்று எல்லாமே நடுமோட்டார், பிரிவினை தளத்தை வைத்து. 2019 உலகப் போட்டியே கார்ப்பெட்டில், ஸ்லோவாக்கியாவின் டிரென்சினில், எக்ஸ்ரே கம்பெனியின் சொந்த ஊரில் நடந்தது என்றால், கார்ப்பெட்டுக்கென்று தனிக் கார் வடிவமைப்பதை வீண்வேலை என்று சொல்ல முடியாது.

பழைய காருக்குத் திரும்புவோம். பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், கிளப் ரேஸுக்குத் தாராளமாகப் போதும். சிக்கல் உதிரிபாகத்தில். முன்சக்கரத்தைத் தாங்கும் 'முன்கை' ஒன்று உடைந்து, அது எங்கும் கிடைக்காமல் போனால் முழுக் காரும் அலமாரியில் காட்சிப்பொருள். வாங்கும் முன் அந்த மாடலின் முன்கை, பின்கை, ஸ்டியரிங் பிளாக் மூன்றும் இன்னும் விற்பனையில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கம்பெனிக்குக் கம்பெனி என்ன வித்தியாசம் என்று கேட்டால், சாதாரண கிளப் ஓட்டுநரின் கைக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு. எக்ஸ்ரேயின் பாகங்கள் துல்லியத்துக்குப் பேர்போனவை, விலையும் அப்படியே. வருடா வருடம் ஆண்டு எண் போட்ட புதுப் பதிப்பு வரும், போன வருடக் காரை வைத்திருப்பவருக்கு வயிறு எரியும். அசோசியேட்டட் அமெரிக்காவில் எந்த டிராக்கின் கடையிலும் உதிரிபாகத்தோடு தொங்கும். ரேஸ் நாளில் காரின் கை உடைந்தால் அந்த ஒன்றுதான் முக்கியம். இங்கிலாந்தில் செயற்கைப் புல்லில் ஓட்டுபவருக்கு ஷூமாக்கர் அப்படி. ஆகவே இணையத்தில் படிக்கும் விமர்சனத்தைவிட, உங்கள் டிராக்கில் பத்துப் பேர் என்ன ஓட்டுகிறார்கள் என்று எட்டிப்பார்ப்பது மேல். பாகமும் கிடைக்கும், செட்டப்பும் இலவசமாகக் கிடைக்கும்.

இவ்வளவு பேசிவிட்டு டயரைச் சொல்லாமல் விட்டால் பாவம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த விளையாட்டுக்கே சொன்னது. ஒரு ஜோடி டயர் 20 டாலர் அளவில், உள்ளே போகும் ஃபோம் சிலவற்றுக்குத் தனி, வீல் தனி, பசை தனி. கார்ப்பெட்டுக்குக் குட்டி ஊசி டயர், களிமண்ணுக்கு மண் காய்ந்திருக்கிறதா ஈரமா என்பதைப் பொறுத்துச் சிறு கட்டை டயரோ மொழுமொழு ஸ்லிக்கோ, அதிலும் ரப்பர் மென்மை இரண்டு மூன்று வகை. என் சென்ற வருடக் கணக்கை எழுதிவைத்துப் பார்த்தேன், டயருக்குப் போனது ஒரு கிட்டின் விலையைத் தாண்டிவிட்டது. இரண்டு தளத்தில் ஓட்டுவதன் உண்மையான செலவு இரண்டாவது கார் அல்ல, இரண்டாவது டயர்ப் பெட்டி. இதை முதலிலேயே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஃபோர் வீல் டிரைவ் காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கேயும் எக்ஸ்ரேயின் எக்ஸ்பி4-க்கு 'சி', 'டி' உண்டு, அசோசியேட்டட்டின் பி74.1-க்கும் 'டி' உண்டு. ஆனால் நான்கு சக்கரமும் இழுப்பதால் தவறான வகையை வைத்தும் சமாளிக்கலாம். 1/8 அளவுப் பெரிய பக்கிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரே கார், டயரும் எண்ணெயும் மட்டும் மாற்றம்.

அந்தப் பையனுக்கு என்ன செய்தோம் என்றால், ஒருவர் கெட்டி ஸ்பிரிங் நான்கு கொடுத்தார், நான் என் பெட்டியிலிருந்து பாதி தேய்ந்த ஊசி டயர் ஒரு செட் கொடுத்தேன், இன்னொருவர் ஷாக்குக்குள் ஸ்பேசர் போட்டு உயரத்தைக் குறைத்தார். முதல் ஹீட்டில் நான்கு கரணம். மூன்றாவதில் ஒன்றுதான். கடைசிப் பந்தயத்தில் 'பி' மெயினில் (முதல் பிரிவுக்கு அடுத்த பிரிவில்) ஐந்தாவதாக வந்தான். கிளம்பும்போது களிமண் டிராக்குக்கு வழி கேட்டான். வரும் ஞாயிறு என் காரிலேயே வரச் சொல்லியிருக்கிறேன்.